ஈரெழுத்துப் பிழை



விழுப்புரத்திலிருந்து காட்பாடிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் 'ஆரணி ரோடு' என்றொரு நிலையம் உண்டு. பெயர்ப்பலகையைப் பார்த்து, ஆரணி வந்துவிட்டது என்று மகிழ்ந்து மூட்டை முடிச்சுகளுடன் இறங்கும் புதியவர்கள், வெளியே வந்து விசாரித்த பிறகே தாங்கள் நிற்பது களம்பூர் என்பதை அறிவார்கள். ஆரணிக்குச் செல்ல அவர்கள் இன்னும் ஒரு பேருந்து ஏற வேண்டும். 'ரோடு' என்ற ஒரு சொல்லை அலட்சியம் செய்ததற்கு இது சிறிய அபராதமே. அதனினும் பெரிய அபராதத்தை ஒரு சொல்லுக்காக நான் செலுத்த நேர்ந்தது. அதுவும் என் கையிலிருந்து அன்று. ஓர் ஏழைக் குடும்பத்தின் கையிலிருந்து. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

களம்பூரில் நெல்லும் தறியும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. ஒரு தெருவில் அரிசி ஆலையின் இரைச்சல். அடுத்த தெருவில் பட்டுத் தறியின் தாள ஓசை. இவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பணிபுரிந்த நாட்களில், மறையுரைக்கு அடுத்தபடியாக நான் அதிகம் செய்த வேலை விண்ணப்பம் எழுதுவதே. கல்லூரியில் இடம் வேண்டி, வங்கியில் கடன் வேண்டி, அயல்நாட்டில் வேலை பார்க்கும் மகனுக்கு விடுப்பு வேண்டி மக்கள் வருவார்கள். "சாமி, இங்கிலீசுல நாலு வரி எழுதிக் குடுங்க" என்பார்கள். நானும் எழுதிக் கொடுப்பேன். குருமடத்தில் இலத்தீனும் ஆங்கிலமும் கற்றவன் என்பதில் எனக்குள் ஒரு பெருமை ஒளிந்திருந்தது. அதனை அப்போது நான் தொண்டு என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

இரட்டைப் பிள்ளைகள்

மாலை வேளைகளில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஆங்கிலம் படிக்க என்னிடம் வருவதுண்டு. அவர்களை மிகவும் தடுமாறச் செய்தவை இலக்கண விதிகள் அல்ல. இரட்டைப் பிள்ளைகளைப் போல் ஒன்றுபோலவே தோன்றும் சொற்கள்தாம். அவற்றுள் சிலவற்றை இங்கே சொல்வது, வீட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோருக்குப் பயன்படும்.

பள்ளித் தலைமையாசிரியரைக் குறிக்கும் 'பிரின்சிபல்' ஒன்று. கொள்கையைக் குறிக்கும் 'பிரின்சிபிள்' மற்றொன்று. முதற்சொல்லின் கடைசி மூன்று எழுத்துகளைத் தனியே எடுத்தால் தோழன் என்று பொருள்படும் 'பால்' கிடைக்கும். தலைமையாசிரியரைத் தோழனாக எண்ணிக்கொண்டால் எழுத்து மறவாது. இரண்டாவது சொல், விதி எனப்படும் 'ரூல்' முடியும் அதே இரண்டு எழுத்துகளில் முடியும். கொள்கையும் ஒரு விதிதானே!

அறிவுரை என்னும் பெயர்ச்சொல்லாகிய 'அட்வைஸ்' என்பதில் 'சி' என்ற எழுத்து வரும். அறிவுரை கூறுதல் என்னும் வினையில் அவ்விடத்தில் 'எஸ்' வரும். ஒலியும் சற்றே அதிரும். ஓரிடத்தில் அசையாமல் நிற்பதைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி' என்ற சொல்லுக்கும், தாள், பேனா, உறை முதலிய எழுதுபொருள்களைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி' என்ற சொல்லுக்கும் ஓர் எழுத்தே வேறுபாடு. கடிதவுறையாகிய 'என்வலப்' எந்த எழுத்தில் தொடங்குகிறதோ அந்த 'இ' எழுதுபொருளுக்கு உரியது. இவ்விரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது சுவையான செய்தி. இடைக்கால ஐரோப்பாவில் வணிகர் பெரும்பாலோர் ஊர் ஊராய்த் திரிந்து விற்க, பல்கலைக்கழகங்களின் அருகே நிலையாகக் கடை வைத்துப் புத்தகம் விற்றவரை இலத்தீனில் 'நிலையாக நிற்பவர்' என்னும் பொருளில் அழைத்தனர். அவர் விற்ற பொருளுக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது.

திருப்பலி நிறைவேற்றும் பீடமும் 'ஆல்டர்'. மாற்றுதல் என்ற வினையும் 'ஆல்டர்'. காதுக்கு வேற்றுமையே இல்லை. பீடத்திற்குரிய சொல்லின் இரண்டாம் பகுதியில் 'ஏ' வரும். 'ஆமென்' என்ற சொல் ஆங்கிலத்தில் தொடங்கும் எழுத்தும் அதுவே என்று எங்கள் பீடச் சிறுவர்களுக்குச் சொல்லிவைத்தேன். ஏற்றுக்கொள்ளுதலாகிய 'அக்செப்ட்' என்பதையும், நீங்கலாக எனப் பொருள்படும் 'எக்செப்ட்' என்பதையும் மாற்றி எழுதிவிட்டால், 'எங்கள் அழைப்பை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்பது 'எங்கள் அழைப்பை விலக்கிவிடுங்கள்' என்றாகிவிடும்.

நெசவூருக்கே உரிய ஒரு தடுமாற்றமும் உண்டு. சாயமிடுதல் 'டையிங்'; சாதலும் 'டையிங்'. சாயத்திற்குரிய சொல்லின் நடுவில் 'இ' என்ற எழுத்து தங்கும்; சாவிற்குரிய சொல்லில் தங்காது. பட்டு நூலுக்குச் சாயமிடும் தொழிலாளி ஒருவரின் மகன், தன் தந்தையின் தொழிலைப் பற்றி எழுதிய கட்டுரையில் அந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டான். 'என் தந்தை நாள்தோறும் ஆரணிப் பட்டில் செத்துக்கொண்டிருக்கிறார்' என்று அது படிக்கக் கிடந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிவப்பு மையால் வட்டமிட்டு, மற்றப் பிள்ளைகளுக்கும் காட்டினேன். அந்தச் சிறுவன் தலைகுனிந்து நின்றதை அன்று நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னர் வெகுநாள் அது என் நினைவை விட்டு அகலவில்லை.

என் பேனாவின் பிழை

நெசவாளர் ஒருவர், பெயர் வேண்டாம். வீட்டிலேயே குழித்தறி. ஆரணி முதலாளியிடம் பாவும் ஜரிகையும் வாங்கி வந்து நெய்து கொடுத்துக் கூலி பெறுபவர். மனைவி தார் சுற்றித் தருவார். ஒரே மகள். சில ஆண்டுகளாக அவரைக் காசநோய் வாட்டியது. மருந்துண்டு தேறுவதும், தறியில் உட்கார்ந்து மிதி மிதித்ததும் மூச்சு வாங்கி மீண்டும் படுப்பதுமாக இருந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று, நான்காண்டுச் செவிலியர் படிப்பில் இடம் பெற்றாள். தந்தையின் கட்டில் அருகே இருந்து பணிவிடை செய்தே செவிலியாக விரும்பியவள் அவள்.

தொலைவிலுள்ள ஓர் அறக்கட்டளை ஏழைப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வழங்குவதை அறிந்து விண்ணப்பித்தோம். பங்குத்தந்தையின் கடிதம் வேண்டும் என்றார்கள். அன்று காலை நான் அடக்கப் பதிவேட்டிலிருந்து இரண்டு மூன்று இறப்புச் சான்றுகளை எழுதிக் கொடுத்திருந்தேன். மேசையைவிட்டு எழாமலே இந்தக் கடிதத்தையும் எழுதினேன். 'இவளுடைய தந்தை நோயுற்ற நெசவாளர்' என்பதே நான் எழுத எண்ணியது. நோயுற்றவர் என்பதற்கு 'டிஸீஸ்டு' என்று எழுத நினைத்த கை, காலையில் பழகிய தடத்திலேயே ஓடி, 'டிசீஸ்டு' என்று எழுதிவிட்டது. அதாவது, இறந்துபோனவர்.

இரண்டு சொற்களுக்கும் எட்டெட்டு எழுத்துகள். இரண்டாம் எழுத்தும் மூன்றாம் எழுத்தும் மட்டுமே வேறு. ஆங்கிலேயர் காதுக்கு அவை தெளிவாக வேறுபடும். ஒன்றில் மெல்லிய சகர ஒலி, மற்றொன்றில் வண்டு முரல்வது போன்ற அதிர்வொலி. அவ்வதிர்வொலி நம் தமிழில் இல்லாமையால் நம் செவிக்கு இரண்டும் ஒன்றே. இலத்தீன் கற்ற நான் அவற்றின் வேரையும் அறிவேன். ஒன்று 'விட்டகன்று செல்லுதல்' என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் 'இறத்தல்' என்ற சொல்லுக்கும் கடந்து செல்லுதல் என்பதன்றோ பழம்பொருள்! மற்றொன்று பழைய பிரெஞ்சில் 'சுகமின்மை'. வேரை அறிந்தவன் எழுத்தில் இடறினேன். உண்மையில், நோயாளி ஒருவரைக் குறிக்க அந்தப் பெரிய சொல்லே பொருத்தமன்று. 'இல்' என்றோ 'சிக்' என்றோ ஒரு சிறிய சொல்லை எழுதியிருந்தால் இடறவே வழியில்லை. சிறிய சொல் போதுமான இடத்தில் பெரிய சொல்லைத் தேடியது என் அறிவன்று, என் பெருமையே.

ஒரு மாதத்திற்குப் பிறகு பதில் வந்தது. தந்தையை இழந்த பிள்ளைகளுக்கான நிதியிலிருந்து நான்காண்டுக் கட்டணம் முழுவதும் வழங்கப்படும் என்றும், கணவரை இழந்த தாயாருக்குத் தங்கள் அனுதாபத்தைத் தெரிவிப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அப்பெண் பங்கு இல்லத்திற்கு வந்து நின்ற கோலம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. மகிழ்வதா அழுவதா என்று அறியாத முகம். "ஃபாதர், அப்பா இறந்துட்டார்னு எப்படி எழுதியிருக்காங்க?" என்றாள். என் நகலை எடுத்துப் பார்த்தேன். எழுதியவர்கள் அவர்கள் அல்லர், நானே.

பாவு நூலும் ஊடை நூலும்

அன்று மாலையே அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். செய்தியைக் கேட்ட தாய் தாலியை இறுகப் பற்றிக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்தபின், தயங்கித் தயங்கி, "வந்தது வந்துருச்சு சாமி, படிப்பு நடக்கட்டுமே" என்றார். அவரைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஏனெனில் வழியெல்லாம் என் மனமும் அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தது. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. தற்செயலாய் நேர்ந்த பிழை. பயன் பெறுவது ஓர் ஏழைப் பெண். இறைவனே இப்படி வழி திறந்தாரோ என்றெல்லாம் நியாயங்கள் அணிவகுத்தன. நம் பிழைக்கு இறைவனைப் பொறுப்பாக்குவது எவ்வளவு எளிது!

நெசவாளர் மட்டும் முதலில் சிரித்தார். "சாமி, பூசை வைக்காமலே என்னை அனுப்பிட்டீங்களே" என்றார். சிரிப்பு இருமலாக மாறி அடங்கியது. பின்பு தறியைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினார்.

"ஊடை நூல் மாறிப்போச்சுன்னா ரெண்டு விரக்கடை பிரிச்சுட்டு நெஞ்சுடலாம் சாமி. பாவு நூல் ஒண்ணு விழுதுல மாறிக் கோத்துட்டா, அது அந்தப் புடவையோட நிக்காது. அந்தப் பாவுல நெய்யுற அத்தனை புடவையிலயும் கோடா ஓடும். நாலு வருசம் அவ படிக்கணும். நாலு வருசமும் நான் செத்தவனாவே இருக்கணுமா? காலேஜுக்கு நான் பார்க்கப் போனா, யாருன்னு சொல்லும் என் பொண்ணு?"

மறையியல் நூல்கள் எதிலும் பொய்யைப் பற்றி இத்தனை தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. தவறுதலாய் எழுதப்பட்ட சொல், தவறென்று அறியும்வரை பிழை. அறிந்தபின் அப்படியே விட்டுவைத்தால் அது பொய். அந்த எல்லைக்கோட்டில் நான் நின்றுகொண்டிருந்தேன். நோயாளி ஒருவர் என் கையைப் பிடித்து இப்பால் இழுத்தார்.

மறுநாளே உண்மையை விளக்கி, பிழை முழுவதும் என்னுடையது என்று ஒப்புக்கொண்டு எழுதினேன். அவர்கள் நாகரிகமாகவே பதிலளித்தார்கள். அந்த நிதி தந்தையை இழந்தோர்க்கே உரியது. விதிப்படி அந்த உதவியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம் என்றார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. உரிய நிதிக்கு விண்ணப்பிக்க அவ்வாண்டுக் காலக்கெடு கடந்துவிட்டிருந்தது. என் ஈரெழுத்துப் பிழையின் விலை அது. வங்கியில் கல்விக்கடன் பெற்றோம். முதலாளி கூலியில் கழிப்பதாகச் சிறிது முன்பணம் தந்தார். என் சேமிப்பில் இருந்ததை நான் கொடுத்தேன். அது தருமமன்று; கடன்.

அன்றிரவு, சாயத் தொழிலாளியின் மகன் நினைவுக்கு வந்தான். அடுத்த மாலை பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும் என் பிழையைச் சொல்லி, அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கத்துடன் சிரித்தான். "ஃபாதர், நான் ஓர் எழுத்துதான் விட்டேன், நீங்க ரெண்டு" என்றான்.

நம் முன்னோர் பட்ட பாடு

சொல்லைத் தேர்ந்து கையாள்வது பள்ளிப் பாடம் மட்டுமன்று. அது விசுவாசத்தின் வரலாற்றிலேயே கலந்திருப்பது. முத்துக்குளித்துறையில் மறைபரப்பிய புனித சவேரியார் தமிழறியாதவர். மொழிபெயர்ப்பாளர்களின் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி மனப்பாடமாகக் கற்பித்தார். விசுவாசப் பிரமாணத்தில் 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்திருந்தது. 1544ஆம் ஆண்டில் தம் தோழர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், 'வேணும்' என்பது விருப்பத்தைக் குறிப்பதால் அதனை நீக்கி, 'விசுவாசம்' என்ற சொல்லை வைக்கும்படி அவர் பணித்தார். கடவுள் வேண்டும் என்பது ஆசை. கடவுளை விசுவசிக்கிறேன் என்பது அர்ப்பணம். பிழையை அறிந்தவுடன், ஏற்கெனவே கற்பித்துவிட்டோமே என்று வெட்கப்படாமல் அவர் திருத்தினார். புனிதர்க்கே அது இழுக்கன்று எனில் நமக்கு ஏது இழுக்கு?

1680இல் இத்தாலியில் பிறந்து தமிழராகவே வாழ்ந்த வீரமாமுனிவர் வேறொரு தடுமாற்றத்தைத் தீர்த்துவைத்தார். அக்காலத்தில் எகரத்தையும் ஒகரத்தையும் புள்ளியிட்டு எழுதினால் குறில். புள்ளியின்றி எழுதினால் நெடில். ஓலையில் எழுதியவர்களோ பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. ஆகவே 'எடு' என்பதா 'ஏடு' என்பதா, 'தென்' என்பதா 'தேன்' என்பதா என்பதைப் படிப்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். முனிவர் நெடிலுக்குத் தனி அடையாளம் தந்து அக்குழப்பத்தை நீக்கினார். 1732இல் அவர் உருவாக்கிய சதுரகராதியும் சொல்லின் பொருளைத் தெளிவாக்கும் அதே தொண்டின் தொடர்ச்சியே.

பழைய ஏற்பாட்டில் நீதித்தலைவர்கள் நூலைப் புரட்டுங்கள். யோர்தான் துறையில் 'சிபோலத்து' என்ற சொல்லின் முதலொலியைச் சரியாக ஒலிக்க இயலாத காரணத்தால் எப்ராயிம் குலத்தார் அடையாளம் காணப்பட்டு வெட்டுண்டனர். அப்போரில் மாண்டவர் 42,000 பேர் என்கிறது அந்நூல். 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம், மகன் தந்தையோடு 'ஒரே பொருளானவர்' என்று அறிக்கையிட்டது. பின்னர் சிலர் 'ஒத்த பொருளானவர்' என்றனர். கிரேக்க மொழியில் இவ்விரண்டிற்கும் இடையே இருந்தது ஒற்றை எழுத்து. அந்த ஓரெழுத்துக்காக ஆயர்கள் நாடு கடத்தப்பட்டார்கள்.

ஆங்கிலத்தைக் குறைகூறுவோர் நம் தமிழையும் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். களம் வேறு, கலம் வேறு. மணம் வேறு, மனம் வேறு. அரம் அறுக்கும், அறம் காக்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துத் தவறினால் நாணும் நாம், 'திருமனம்' என்று அச்சிட்ட அழைப்பிதழைச் சற்றும் நாணாமல் ஊருக்கெல்லாம் வழங்குகிறோம். தான் சொல்லும் சொல்லை வெல்லும் வேறொரு சொல் இல்லாதபடி தேர்ந்து சொல்ல வேண்டும் என்று வள்ளுவர் சொல்வன்மை அதிகாரத்தில் வற்புறுத்தியது எல்லா மொழிக்கும் பொது.

அந்தச் சொல் மீண்டும்

அப்பெண் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விடியற்காலையில் அந்த நெசவாளர் இறைவனடி சேர்ந்தார். இரண்டு ஆண்டுகள் அவர் கல்லூரிக்குச் சென்று மகளைப் பார்த்துவந்தார். "எங்க அப்பா" என்று அவள் தோழியரிடம் சொன்னதை என்னிடம் மூன்று முறையேனும் சொல்லி மகிழ்ந்திருப்பார். அடக்கம் முடிந்த மறுநாள், கல்லூரிக்கு விடுப்புக் கடிதம் வேண்டி அவள் வந்தாள்.

நான் எழுத அமர்ந்தேன். அதே சொல் இப்போது வரவேண்டியிருந்தது. ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதினேன். எழுதி முடித்து, "படித்துப் பார், அம்மா" என்று அவளிடம் நீட்டினேன். அவள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துப் படித்தாள். "இப்ப சரியா இருக்கு, ஃபாதர்" என்றாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தச் சொல்லைத் திருத்தாமல் விட்டிருந்தால், அன்று அவள் தந்தைக்காகக் கல்லூரியில் வெளிப்படையாக அழவும் முடிந்திராது. ஏற்கெனவே இறந்தவருக்கு யார் இரண்டாம் முறை விடுப்புத் தருவார்கள்?

அன்பர்களே, எழுதியதை ஒருமுறை உரக்கப் படியுங்கள். ஐயம் எழுந்தால் அகராதியைத் திறக்க வெட்கப்படாதீர்கள். பெரிய சொல்லில் ஐயமிருந்தால் தெரிந்த சிறிய சொல்லை எழுதுங்கள். பிள்ளைகளின் பிழையைத் திருத்துங்கள். அதைப் பிறர்முன் காட்டி நகைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தவறிய சொல் நமக்கு ஆதாயம் தருவதாக இருந்தாலும் அதனைத் திருத்த அஞ்சாதீர்கள். பேசிய ஒவ்வொரு வீண்சொல்லுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆண்டவர் எச்சரித்திருக்கிறார். எழுதிய சொல்லுக்கும் அந்தக் கணக்கு உண்டு.

அந்தப் பெண் இன்று ஒரு மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறாள். நோயாளிகளின் குறிப்பேட்டை நிரப்பும்போது ஒவ்வொரு சொல்லையும் இருமுறை பார்ப்பேன் என்று சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வந்தபோது சொன்னாள். அங்கே அந்த இரண்டு சொற்களுக்கும் இடையே இருப்பது ஓர் உயிர் அல்லவா?